பயங்கரக் கிராணி

லிங்கி ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை யாராலும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. ஆத்தடித் தோட்டம் என்றே எல்லோரும் சொன்னார்கள். அங்கே ஆபீசில் நான் இரண்டாம் கிராணி, கணக்கெழுதுகிற குமாஸ்தா. பெயர் ராயப்பன். சிரம்பானில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை படித்தவன். ஏழாம் வகுப்பை மட்டும் இரண்டு தடவை படித்தேன். அதனால் மற்றவர்களைவிட எனக்கு ஆழமாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மற்றவர்கள் ஓய்வு நேரத்தில் சேவல் வளர்த்தார்கள், காய்கறி போட்டார்கள். நான் ஆங்கிலச் சொற்களை வளர்த்தேன். ஒரே மாதிரி இருக்கிற சொற்களை ஒரு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதி, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று குறித்து வைப்பேன். ஃபேட், டெஸ்டினி, டூம் என்று மூன்று சொற்கள். நம்மிடம் மூன்றுக்கும் விதி ஒன்றுதான். வெள்ளைக்காரன் பிரித்து வைத்திருந்தான். ஃபேட் நம்மைத் தேடி வருவது. டெஸ்டினி நாம் போய்ச் சேருகிற இடம், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. டூம் வந்துவிட்டால் பிறகு பேசுவதற்கு ஒன்றும் இல்லை. அடுத்த பக்கத்தில் பயத்தின் குடும்பம். ஃபியர் என்பது பாம்பைக் கண்ணால் கண்டதும் வருவது. டிரெட் என்பது, பாம்பு இருக்கிற புல்லுக்குள் நாளைக்கு இறங்கவேண்டும் என்றால் இன்றைக்கே வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வது.

இதையெல்லாம் என் மனைவி ஃபிளோராவிடம் சொல்லிக் காட்டுவேன்.

“ஃபிளோரா, நான் உன்னைக் கட்டிக்கிட்டது ஃபேட்டா, டெஸ்டினியா?”

“அடுப்புல சோறு தீயுது. அதுக்கு என்னா பேருன்னு பாத்துச் சொல்லுங்க” என்பாள்.

ஜப்பான் சண்டைக்கு ஒரு வருஷம் முன்னால் புதுத் துரை ஒருவர் வந்தார். வரவேற்புப் பத்திரம் எழுதி வாசிக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு வாரம் எழுதினேன். எங்கள் வாழ்க்கையையே திருப்பிப்போடுகிற முக்கியமான நாள் என்று சொல்ல வேண்டும். அதற்கு ஃபேட்ஃபுல் என்று சொல் இருக்கிறது. நான் ஃபேட்டல் என்று எழுதினேன். அது ஆளைக் கொல்லுகிற விஷயத்துக்குச் சொல்கிற சொல். ‘இந்த உயிர்போக்கும் நாளில் தாங்கள் எங்களிடையே வந்திருக்கிறீர்கள்’ என்று நெஞ்சை நிமிர்த்தி, நல்ல உச்சரிப்போடு வாசித்தேன். துரைசானிக்குச் சிரிப்பில் தேநீர் மூக்கு வழியாக வந்தது. துரை எழுந்து நின்று கைதட்டி, அன்று முதல் என்னை மிஸ்டர் ஃபேட்டல் என்று கூப்பிட ஆரம்பித்தார்.

தோட்டத்து ஜனங்கள் அதைத் துரை கொடுத்த பட்டம் என்று நினைத்தார்கள். ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் சன்னாசி முதல் ஆளாக வந்து, “பேட்டல் பட்டம் யாருக்கும் லேசுல குடுக்க மாட்டாங்களாமே!” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு வருஷம் பேட்டல் கிராணியாகவே நடமாடினேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு ஜனவரியில் ஜப்பான்காரன் கோலாலம்பூருக்கு வந்துவிட்டான் என்று செய்தி வந்தது. பெரிய கிராணி முந்தின வாரமே பெட்டியோடு போய்விட்டார். துரை காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூருக்குக் கிளம்பினார். ஆபீஸ் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, “ராயப்பன், இன்றைக்கு உன்னுடைய சொல்தான் சரியான சொல்” என்றார். அந்த நிலைமையிலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. கடைசியில் ஒத்துக்கொண்டாரே என்று.

நாலு நாள் கழித்துச் சைக்கிளில் ஜப்பான் சிப்பாய்கள் வந்தார்கள். ஜனங்கள் பால்மரக் காட்டுக்குள் ஓடினார்கள். நானும் ஓடினேன். அரை மைல் ஓடி தண்ணீர் வடிகிற ஒரு கானில் படுத்த பிறகுதான் கையில் எதையோ இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்தேன். பெரட்டுப் புத்தகம். காலையில் பெயர் கூப்பிடுகிற ஆள் கணக்குப் புத்தகம். ஃபிளோராவைக் காணவில்லை. அவள் வீட்டிலேயே இருந்து கதவைச் சாத்திக்கொண்டு, அடுப்பையும் அணைத்துவிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் நான் திரும்பி வந்ததும் சோற்றைப் போட்டுவிட்டு, “புஸ்தகத்துக்கும் ஒரு தட்டு வைக்கவா?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த வருஷம் மே மாதத்தில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள கவாகுச்சி என்று ஒருவன் வந்தான். சிப்பாய் இல்லை. ஒசாக்காவில் ரப்பர் வியாபாரக் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதியவன். என்னைப் போல் அவனும் ஒரு கிராணிதான், ஆனால் இடுப்பில் கத்தி தொங்கியது. எனக்கு ஜப்பான் மொழி தெரியாது. அவனுக்குத் தமிழ் தெரியாது. மலாய் அவனுக்குக் கடைவீதி அளவுதான் தெரியும். ஆங்கிலம் எதிரியின் மொழி, அதைப் பேசக்கூடாது என்று உத்தரவு இருந்தும் எங்கள் இருவருக்கும் வேறு வழி இல்லை. சட்டைப் பையில் சிறிய ஆங்கில–ஜப்பான் அகராதி ஒன்று வைத்திருந்தான். நான் எதைச் சொன்னாலும் அதில் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வான்.

வந்த வாரமே ஆபீஸ் ஆட்களும் மண்டோர்களும் தங்களைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்றான். பெயர், வயது, வேலை, குணம். குணம் என்ற இடத்தில் நான் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். நான் பயந்தாங்கொள்ளி, என்னால் ஒரு தொந்தரவும் வராது, என்னை விட்டுவிடு என்று அவனுக்குப் புரிய வேண்டும். அஃப்ரெய்ட் என்று போடலாம். ஆனால் அது பெயருக்கு முன்னால் நிற்காது, இலக்கணம் இடிக்கும். கவர்ட், கோழை, என்று எழுதினால் நம்மை நாமே திட்டிக்கொண்டது போல் ஆகும். டிமிட் என்ற சொல் முயலுக்குத்தான் பொருந்தும், ஏழாம் வகுப்பு இரண்டு முறை படித்தவனுக்குப் பொருந்தாது. ஃபியர்ஃபுல் என்று ஒரு சொல் இருந்தது. பயம் நிறைந்தது. நீளமாகவும் கம்பீரமாகவும் இருந்தது. ‘ஐ ஆம் எ ஃபியர்ஃபுல் மேன். தோட்டத்து ஆட்கள் அனைவரும் இதை அறிவார்கள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கவாகுச்சி என் தாளைப் படித்தான். அகராதியை எடுத்தான். விரலால் தேடினான். பிறகு நிமிர்ந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. அதுதான் எனக்கு முதல் எச்சரிக்கை, ஆனால் விளங்கவில்லை. அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு என்பதை நான் நோட்டில் குறிக்கவே இல்லை. பயந்தவனுக்கும் அதுதான், பார்த்தவர்களைப் பயத்தில் உறைய வைக்கிறவனுக்கும் அதுதான். அவன் அகராதியில் இரண்டாவது அர்த்தம் முதலில் இருந்திருக்கிறது.

சந்தேகம் தீரட்டும் என்று சன்னாசியைக் கூப்பிட்டு அவனுடைய மலாயில் கேட்டான். “ராயப்பன், ஓராங் தாக்குட்?”

ஓராங் என்றால் ஆள். தாக்குட் என்றால் பயம். ராயப்பன் பயந்த ஆளா என்றும் அதைக் கேட்கலாம், ராயப்பனைக் கண்டால் ஆட்களுக்குப் பயமா என்றும் கேட்கலாம். சன்னாசிக்கு எது விளங்கியது என்று எனக்குத் தெரியும். மண்டோர் என்னை இரக்கத்தோடு ஒரு தடவை பார்த்துவிட்டு, “பாஞாக் தாக்குட் துவான், பாஞாக்!” என்றார். ரொம்பப் பயம் ஐயா, ரொம்ப ரொம்ப.

மறுநாள் காலையில் என் கையில் சிவப்பு எழுத்துப் போட்ட கைப்பட்டி ஒன்றைக் கட்டி, ஒரு ரோத்தான் பிரம்பைக் கொடுத்து, தோட்டத்து ஆட்கள் இருநூறு பேருக்கும் என்னைத் தலைவன் ஆக்கினான்.

வீட்டுக்குப் போனதும் ஃபிளோரா கைப்பட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “என்னாங்க எழுதிக் குடுத்தீங்க?” என்றாள். சொன்னேன். தாழ்வாரத்தில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “போயி மாத்திச் சொல்லிட்டு வாங்க.” நான் போகவில்லை. மாற்றிச் சொன்னால் பொய் எழுதினாய் என்று அறைவான். பயங்கரமானவன் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறவரை அறை விழாது. பயந்துகொண்டே பயங்கரமாக இருந்தேன்.

பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கூப்பிடும்போது என் கையிலிருந்த பிரம்பு நடுங்கும். ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கவாகுச்சிக்கு அவர்களுடைய முதுகுதான் தெரியும். குலுங்குகிற தோள்களைப் பார்த்து அழுகிறார்கள் என்று நினைத்தான். என் நடுக்கத்தைக் கோபம் என்று நினைத்தான். ஒரு தடவை, “அவ்வளவு கோபம் வேண்டாம், உடம்புக்கு ஆகாது” என்று எனக்குப் புத்தி வேறு சொன்னான்.

இது ஒரு வருஷம் ஓடியது. அரிசி குறைந்துகொண்டே வந்தது. பால்வெட்டு நின்று, மரங்களைச் சாய்த்து மரவள்ளி நட்டோம். துணி இல்லாமல் கோணிச் சாக்கை வெட்டிக் கட்டினோம். நாற்பத்து மூன்று ஏப்ரலில் சிரம்பானிலிருந்து ஆங்கிலத்தில் டைப் அடித்த ஒரு காகிதம் வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும். மூன்றே மாதம். அரிசி உண்டு, துணி உண்டு, டாக்டர் உண்டு. கடைசி வரியில், உங்களுடைய மகத்தான டெஸ்டினி சயாமில் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று இருந்தது.

“தமிழில் வாசி, நன்றாக வாசி” என்றான் கவாகுச்சி.

இத்தனை வருஷம் நோட்டில் சேர்த்து வைத்ததற்கு ஒரு வேலை வந்துவிட்டது. காலை முழுக்க டெஸ்டினிக்குத் தமிழ் தேடினேன். விதி என்று போடக்கூடாது, அது சாவு வீட்டில் சொல்கிற சொல். தலையெழுத்து அதைவிட மோசம். சொல்லிப் பார்த்து, அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் ‘உங்க நல்ல காலம் சயாம்ல காத்துக்கிட்டு இருக்கு’ என்று முடித்தேன். எவ்வளவு பொருத்தம் என்று நானே மெச்சிக்கொண்டேன். அந்தக் காகிதத்தில் இருப்பது உண்மையா என்ற கேள்வி அன்றைக்கு என் தலைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சொல் அமைந்துவிட்டதே, அது போதும்.

வாசித்து முடித்ததும் ஜனங்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வீரமுத்து என்று ஒரு பால்வெட்டுக்காரன் முன்னால் வந்தான். முப்பது வயது இருக்கும். எதையும் இரண்டு தடவை கேட்டுத்தான் செய்வான்.

“கிராணி ஐயா, நெசமாவே அரிசி குடுப்பாங்களா?”

“காகிதத்துல இருக்கு, வீரமுத்து.”

“காகிதத்த விடுங்க லா. நீங்க என்னா சொல்றீங்க?”

அவன் பின்னால் அவன் மனைவி பஞ்சாலை நின்றுகொண்டிருந்தாள். அவளும் என் வாயைத்தான் பார்த்தாள். “மூணு மாசந்தானே, போயிட்டு வந்துரலாம்” என்றேன்.

இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். வீரமுத்து, பால்வெட்டுக்காரி செல்லம்மாவின் தம்பி தங்கராஜு, இன்னும் இருபது பேர். லாரியில் ஏறும்போது தங்கராஜு எனக்குச் சலாம் வைத்தான்.

மே போனது, ஜூன் போனது, ஜூலை போனது. ஒரு கடிதம் இல்லை. பஞ்சாலை காலையில் பெரட்டில் முதல் வரிசையில் வந்து நிற்க ஆரம்பித்தாள். முன்பெல்லாம் பின்னால் நிற்கிறவள். ஒன்றும் கேட்க மாட்டாள். ஜூலை முடிந்த பிறகு ஒரு நாள் பெயர் கூப்பிட்டு முடித்ததும் கிட்டே வந்து கேட்டாள்.

“கிராணி ஐயா, மூணு மாசம்னா எத்தன நாளு?”

“தொண்ணூறு, பஞ்சாலை.”

“அப்ப நான் எண்ணுனது சரிதான்” என்று சொல்லிவிட்டு மம்பட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்குகிற அளவுக்குச் சோறும் இல்லை என்பது வேறு விஷயம். தோட்டத்துச் சாலையில் லாரிச் சத்தம் கேட்டால் பெரட்டுப் புத்தகத்தை எடுத்து அந்த இருபத்திரண்டு பெயரையும் எண்ணுவேன். சத்தம் கேட்காத நாளில் இரண்டு தடவை எண்ணுவேன். டிரெட் என்று நோட்டில் பாம்பையும் புல்லையும் வைத்து அழகாக எழுதியிருந்தேன். எழுதின நாளில் எனக்கு அதில் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

ஆகஸ்டில் சன்னாசி என்னை மரவள்ளிக் கொல்லைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவன் சயாமிலிருந்து தப்பி, நடந்தும் சரக்கு ரயிலில் ஒளிந்தும் வந்து சேர்ந்திருக்கிறானாம். இராஜமாணிக்கம் என்று பெயர். புக்கிட் பெலண்டோக் என்ற ஊரில் ஒரு மலாய்க்காரர் வீட்டில் கிடக்கிறான். சன்னாசி நேரில் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

“அம்பது பேரு போன கொட்டகையில எட்டுப் பேருதான் எந்திரிக்கிறானுங்களாம். பேதி. கால்ல புண்ணு. டாக்டரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. செத்தவன அடக்கம் பண்ண ஆளில்லாம…” மண்டோர் நிறுத்திக்கொண்டார். “நம்ம பசங்களப் பத்திக் கேட்டேன். அவனுக்குத் தெரியல.”

பஞ்சாலையிடம் சொல்லவா என்றார். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். அவள் மறுபடி என் முகத்தைப் பார்ப்பாள், அதற்காகத்தான்.

அதற்குப் பத்து நாள் கழித்து இரண்டாவது காகிதம் வந்தது. அதே டைப், அதே வரிகள், அதே டெஸ்டினி. இந்தத் தடவை நாற்பது பேர். மறுநாள் காலை லாரி வரும். கவாகுச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “போன முறை நீ நன்றாக வாசித்தாய். இந்த முறை சிரித்துக்கொண்டே வாசி. உன்னைப் பார்த்து ஜனங்கள் பயப்படக்கூடாது” என்றான்.

பெரட்டுக் களத்தில் காகிதத்தைப் பிரித்தேன். சிரித்தேன். நான் சிரித்து யாரும் அங்கே பார்த்ததில்லை. முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. மூன்று மாதம், அரிசி, துணி என்று வாசித்துக்கொண்டே போனேன். கடைசி வரி வந்தது.

பின்னால் இதைப் பற்றித் தோட்டத்தில் பலவிதமாகச் சொன்னார்கள். கிராணி துணிந்து செய்தார், உயிரைக் கொடுத்துச் செய்தார் என்றெல்லாம். நான் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நல்ல காலம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அது பழகின வாசகம், பத்திரமான வாசகம். ஆனால் பஞ்சாலை எனக்கு நேரே நின்றாள். அவளைப் பார்த்துக்கொண்டு அந்த இரண்டு சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை. கவாகுச்சி தொண்டையைச் செருமினான். பயத்தில் வேறு எதையாவது சொல்ல வேண்டுமே என்று, நான் நாலு மாதத்துக்கு முன்னால் வேண்டாம் என்று அடித்துப் போட்ட சொல் வாயில் வந்தது. “உங்க விதி சயாம்ல காத்துக்கிட்டு இருக்கு” என்றேன், பல்லைக் காட்டிக்கொண்டே.

ஒரு கிழவி தலையில் கைவைத்து “ஐயோ” என்றாள். ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சன்னாசி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சரி சரி, வேலைக்குப் போங்க!” என்று கத்தினார். பஞ்சாலை மட்டும் அசையாமல் நின்றாள். அவளுக்கு இனி யாரும் எதுவும் சொல்லவேண்டியதில்லை. என் வாயிலிருந்தே அவள் சேதியைக் கேட்டுவிட்டாள்.

மறுநாள் விடிந்தபோது ஆட்கள் குடியிருந்த லயங்களில் பாதிக் கதவு திறந்து கிடந்தது. புக்கிட் பெலண்டோக் பக்கத்துச் சதுப்புக் காட்டுக்கும், ஆற்றைத் தாண்டி மலாய்க்காரர் கிராமங்களான கம்பங்களுக்கும் போய்விட்டிருந்தார்கள். இதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை. வழிகாட்டியதெல்லாம் சன்னாசி. நான் வீட்டில் போர்வைக்குள் இருந்தேன்.

லாரியில் ஒரு ராணுவ அதிகாரியும் ஆறு சிப்பாய்களும் வந்தார்கள். நாற்பது பேருக்குப் பதில் கால் வீங்கினவர்களும் கிழவர்களும் பெண்களும் நின்றார்கள். அதிகாரி கவாகுச்சியை எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தான். கவாகுச்சி என்னிடம் வந்தான். முகம் சிவந்திருந்தது.

“நீ என்ன சொன்னாய்?”

“டெஸ்டினி என்றுதான் சொன்னேன், சார்.” இது பொய்யில்லை. தமிழில் சொன்னேன், அவ்வளவுதான்.

“பிறகு ஏன் ஓடினார்கள்?”

மூளை வேலை செய்யவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே ஆங்கில வாக்கியம் அதுதான் என்பது போல வாய் தானாகச் சொன்னது. “பிகாஸ் ஐ ஆம் எ ஃபியர்ஃபுல் மேன்.”

கவாகுச்சி கண்ணை மூடித் திறந்தான். இதற்கு அவனுக்கு அகராதி தேவைப்படவில்லை. அதிகாரியிடம் திரும்பி ஜப்பான் மொழியில் என்னவோ விளக்கினான். நடுவில் என்னைச் சுட்டிக்காட்டினான். அதிகாரி வந்து என் முன்னால் நின்றான். எலும்பும் தோலுமாக, கால்சட்டையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, கோணித் துணியில் சட்டை போட்டு நடுங்கிக்கொண்டிருந்த அந்தப் பயங்கரமான மனிதனை மேலும் கீழும் பார்த்தான். பிறகு விட்ட அறையில் எனக்கு ஒரு பல் போயிற்று. அவன் சிரித்தானா என்று எனக்குச் சரியாகத் தெரியாது. கீழே விழுந்துவிட்டிருந்தேன்.

அப்படியும் ஏழு பேரை லாரியில் ஏற்றிக்கொண்டுதான் போனார்கள். ஓட முடியாதவர்கள், ஓட விரும்பாதவர்கள். அதை நான் கணக்கில் சேர்க்காமல் இந்தக் கதையைச் சொல்வதில்லை.

கைப்பட்டி போய்விட்டது. என் பயங்கரம் அளவுக்கு மீறிவிட்டது, அதனால் தோட்டத்துக்கு நஷ்டம் என்று கவாகுச்சி தீர்மானித்து, மரவள்ளிக் கொல்லைக்கு என்னை அனுப்பினான். ஃபிளோரா கைப்பட்டியை அடுப்பில் போட்டுவிட்டு, மாதக்கணக்கில் பார்க்காத சிரிப்பு ஒன்றைச் சிரித்தாள்.

கொல்லையில் எனக்குப் பக்கத்து வரிசையில் பஞ்சாலை. மூன்று நாள் அவரவர் வரிசையைக் கொத்தினோம். நாலாவது நாள் என் கை கொப்புளித்து மம்பட்டி நழுவிக் காலில் விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“மம்பட்டியப் பேனா மாதிரி புடிச்சா எப்படி? கையக் கீழ எறக்குங்க.”

இறக்கினேன். “பஞ்சாலை, அன்னிக்கு நான் வீரமுத்துகிட்ட…” என்று ஆரம்பித்தேன்.

“மண்ணப் பாருங்க ஐயா. கெழங்கு வெட்டுப் பட்டுரும்” என்றாள். அவ்வளவுதான். சண்டை முடிகிறவரை இரண்டு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் கொத்தினோம். அதைப் பற்றி அவள் பேசவிடவில்லை.

ஜப்பான்காரன் தோற்றுப் போனான். கவாகுச்சி ஒரு நாள் காலையில் தன் சட்டையைத் தானே துவைத்துக் காயப்போட்டுவிட்டு, அது காய்ந்ததும் போட்டுக்கொண்டு, சரணடையும் இடத்துக்கு நடந்தே போனான். என்னைப் பார்த்து லேசாகத் தலை குனிந்தான். பழக்கத்தில் நானும் இடுப்புவரை குனிந்துவிட்டேன். ஃபிளோரா என் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

சயாமிலிருந்து ஆட்கள் ஒருவர் இருவராகத் திரும்ப நாற்பத்தாறு பிப்ரவரி ஆயிற்று. முதலில் போன இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேர். பின்னால் போன ஏழு பேரில் ஒருவரும் இல்லை. வீரமுத்து ஒன்பதில் ஒருவன். லாரியிலிருந்து இறங்கியவனை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பஞ்சாலை மட்டும் நேராகப் போய் அவன் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டாள்.

நான் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். அவன் பார்த்துவிட்டான். கம்பை ஊன்றிக்கொண்டு என்னிடம் வந்தான்.

“கிராணி ஐயா, நீங்க சொன்ன நல்ல காலத்தப் பாத்துட்டு வந்துட்டேன்.”

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மன்னித்துக்கொள் என்று எந்த மொழியிலும் என் வாயில் வரவில்லை. “உள்ள வா, உக்காரு” என்றேன். வந்து உட்கார்ந்தான். ஃபிளோரா கறுப்புக் காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு, “சீனி கெடைக்குதா இப்ப?” என்று கேட்டான்.

வெள்ளைக்கார ஆட்சி திரும்பி வந்தது. காணாமல் போனவர்களைப் பற்றி உறவினர்கள் எழுதிக் கொடுத்தால் விசாரிப்போம் என்று அறிவித்தார்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டும். தோட்டத்தில் ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பதின்மூன்றும் ஏழும் இருபது குடும்பம். எழுத மாட்டேன் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. தினம் ஒரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எழுதினேன்.

தங்கராஜுவின் அக்கா செல்லம்மா வீடு கடைசி. தாளை எடுத்து வைத்து, பெயர், வயது, போன தேதி எல்லாம் எழுதினேன். நிலைமை என்று ஒரு இடம். இறந்தார் என்று போடுவதா, தொலைந்தார் என்று போடுவதா, காணவில்லை என்று போடுவதா? மூன்றுக்கும் ஆங்கிலத்தில் எது சரியான சொல், எதற்கும் எதற்கும் என்ன வித்தியாசம் என்று பழைய வழக்கப்படி நான் மேலே பார்த்து யோசிக்க ஆரம்பித்தேன். செல்லம்மா மரவள்ளியைச் சீவிக்கொண்டே கேட்டாள்.

“என்னாங்க ஐயா, எழுதாம மோட்டப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?”

“என்னா போடுறதுன்னு பாக்குறேன். நீயே சொல்லு.”

“இன்னும் வரலைன்னு போடுங்க.”

“அப்படிப் போட்டா ஆபீஸ்ல ஏத்துக்குவாங்களான்னு…”

“அவங்க ஏத்துக்கிட்டா என்னா, ஏத்துக்காட்டி என்னா? வந்தானா? வரல. அதப் போடுங்க.”

இன்னும் வரவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதினேன். மூன்று சின்னச் சொற்கள், முதல் வகுப்புப் பையன்கூட எழுதிவிடுவான். எழுதியதைத் தமிழில் ஒரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நான் காட்டிய இடத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தினாள்.